நீச்சல் குளத்தில் ஸ்கூபா அவசரப் பயிற்சி: நாமே செய்து பார்க்கலாமா?

கேட்டவர் சொன்ன விவரம் இதுதான். நான்கு வருடம் முன்பு அந்தமானின் ஹேவ்லாக்கில் ஓபன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அதன் பிறகு கடலில் இறங்கவே இல்லை. அடுத்த மாதம் நண்பரோடு கர்நாடகக் கடலோரத்தில் உள்ள நேத்ராணி தீவுக்கு டைவிங் போகிறார். நண்பர் குடியிருக்கும் அடுக்ககத்தில் நீச்சல் குளம் இருக்கிறது, ஒரு பக்கம் நாலடி, மறுபக்கம் ஒன்பதடி. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் செட்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியாகிவிட்டது, சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும். காற்று தீர்ந்தால், மாஸ்க் கழன்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தக் குளத்தில் தாங்களே பழகிக்கொள்ளலாமா, எதை எப்படிப் பழகுவது, ஒன்பதடித் தண்ணீரில் அப்படி என்ன ஆபத்து வந்துவிடும் என்று கேட்கிறார். கடைசியில் பதினொரு வயது மகனைப் பற்றியும் ஒரு வரி. பல கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பயிற்றுநர் பக்கத்தில் இல்லாதபோது குளம் பாதுகாப்பான இடமா?

சில பயிற்சிகளுக்கு ஆம், சிலவற்றுக்குக் கண்டிப்பாக இல்லை. எது எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்கிறேன். நான் பல வருடமாகக் குளத்திலும் கடலிலும் ஸ்கூபா சொல்லிக்கொடுப்பவன், மருத்துவன் இல்லை. ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை என்று உங்களுக்கு ஏதாவது இருந்தால், இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காமல் டைவிங் பற்றித் தெரிந்த டாக்டரிடம் போங்கள். உங்கள் ரெகுலேட்டரையும் நான் பார்த்ததில்லை. அது நன்றாக இருக்கிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

முதலில் அந்த ஒன்பதடி விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கடல் மட்டத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம் 1 அட்மாஸ்ஃபியர். 10 மீட்டர் இறங்கினால் 2 ஆகிறது, 20 மீட்டரில் 3. ஒன்பதடி, அதாவது 2.7 மீட்டரில், ஏறக்குறைய 1.27. அங்கே சிலிண்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுக்கிறீர்கள், 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தம் கட்டிக்கொண்டு மேலே வந்தால் அதே காற்று 7.6 லிட்டராக விரியப் பார்க்கும். நெஞ்சுக்குள் அதற்கு இடமில்லை. மிஞ்சியது திசுவைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்: நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளிக்குப் போகலாம், கழுத்துத் தோலுக்கு அடியில் போகலாம், ரத்தக் குழாயில் புகுந்து மூளைக்கே போகலாம். கடைசியில் சொன்னதுதான் உயிருக்கு உலை. மேலே வந்த சில நிமிடங்களுக்குள் பேச்சு குழறும், ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், நினைவு தப்பும். இதற்கு 1.2 மீட்டர் ஆழமே போதும் என்பது டைவிங் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம். உங்கள் குளத்தின் ஆழம் குறைந்த பக்கமே நாலடி, அதாவது அதே 1.2 மீட்டர். 30 மீட்டரிலிருந்து 20க்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. 10 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காகிவிடுகிறது. அதனால் ஆழம் குறைந்த தண்ணீர் என்று அலட்சியம் வேண்டாம். சும்மா முங்கி நீந்துபவர் மேலே இழுத்த மூச்சோடு கீழே போய்த் திரும்புகிறார், அவருக்கு ஒன்றும் ஆகாது. சிலிண்டரிலிருந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

இதிலிருந்து நீங்கள் இருவரும் தனியாகச் செய்யக் கூடாதவை தெளிவாகிவிடும். காற்று தீர்ந்ததாகப் பாவித்து அடியிலிருந்து மேலே ஏறிப் பார்ப்பது வேண்டாம். நண்பரின் சிலிண்டர் வால்வைப் பின்னாலிருந்து மூடி அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பது வேண்டவே வேண்டாம். வகுப்பில் பயிற்றுநர் அதைச் செய்திருப்பார், நினைவிருக்கும். அவர் ஒரு கையை வால்விலேயே வைத்திருப்பார், மறு கையால் உங்களைப் பிடித்திருப்பார், கண் உங்கள் முகத்தை விட்டு நகராது. மிதப்பதற்காகச் சிலிண்டர் காற்றால் நிரப்பும் ஜாக்கெட்டில் காற்று தானாக ஏறிக்கொண்டே போகும் கோளாறை உண்மையாகவே உண்டாக்கிப் பார்ப்பதும் இந்த வகைதான். இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இதற்கு சிலிண்டரே தேவையில்லை: யார் அதிக நேரம் தண்ணீருக்கடியில் தம் பிடிக்கிறார்கள் என்ற போட்டி. முங்குவதற்கு முன் வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு விடு என்று நம்மை உந்துவது அந்த வாயுதான், ஆக்சிஜன் குறைவு இல்லை. உந்துதல் வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும், சத்தமே இல்லாமல். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் குளங்களில் இப்படிப் போயிருக்கிறார்கள்.

இனி செய்யக்கூடியவை. அதற்கு முன் குளத்தின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளத்தில் தப்பு நடந்தால் எழுந்து நின்றுவிடலாம். அதுதான் அதன் வசதி, அதுவேதான் அதன் கேடு. மூக்கில் தண்ணீர் ஏறியதும் எழுந்து நிற்கிறோம், மாஸ்க்கைத் துடைக்கிறோம், சிரிக்கிறோம், மறுபடி முங்குகிறோம். பத்து தடவை இப்படிச் செய்தால் உடம்பு கற்றுக்கொண்டது என்ன? சிக்கல் வந்தால் மேலே போ என்பதை. 15 மீட்டரில் மூக்கில் தண்ணீர் ஏறும்போது உடம்பு அதையேதான் செய்யப் பார்க்கும், அதுவும் தம் கட்டிக்கொண்டு. ஆகவே குளத்தில் நான் வைக்கும் முதல் விதி: நாலடித் தண்ணீரில் முகத்தை உள்ளே வைத்த பிறகு, சிக்கல் தீரும் வரை தலையை வெளியே எடுக்கக் கூடாது. உண்மையிலேயே முடியவில்லை என்றால் எடுங்கள், உயிர் முக்கியம், ஆனால் ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும், மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். பிறகு அதே பயிற்சியை இன்னும் சின்னதாக்கி மறுபடி தொடங்குங்கள்.

மாஸ்க்கிலிருந்து ஆரம்பியுங்கள். பலருக்குச் சலிப்பான பயிற்சி இது, ஆனால் என் பார்வையில் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். நாலடிப் பக்கத்தில் மாஸ்க்கே போடாமல், ரெகுலேட்டரை வாயில் வைத்து முகத்தைத் தண்ணீரில் வையுங்கள். ஒரு நிமிடம் மூச்சு விட்டுக்கொண்டிருங்கள். ஜலதோஷத்தில் மூக்கடைத்துக்கொண்டால் இரவெல்லாம் வாயால்தானே மூச்சு விடுகிறோம், அது மாதிரி. ஆனால் மூக்கு திறந்திருக்கும்போது அது தானும் இழுக்கப் பார்க்கும், அங்கேதான் புரை ஏறும். முதல் சில மூச்சில் மூக்கின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் உள்ளே வராது. நுனி நாக்கை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டால் வாய்க்குள் தெறிக்கும் துளிகளும் தொண்டைக்குப் போகாது. இது சுலபமாக வந்த பிறகு மாஸ்க்கைப் போட்டுப் பாதி தண்ணீர் விட்டு வெளியேற்றுங்கள், பிறகு முழுசாக, பிறகு கழற்றி மாட்டி. நெற்றிப் பக்கம் சட்டத்தை அழுத்திக்கொண்டு, தலையை லேசாக நிமிர்த்தி, மூக்கால் நீளமாக ஒரே மூச்சு விட வேண்டும். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, மூக்கால் விடுவதாக நினைத்துக்கொண்டு வாயால் விடுவது. ரெகுலேட்டரிலிருந்து குமிழி பொங்கும், மாஸ்க்கில் தண்ணீர் அப்படியே இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் நண்பரால் இதை உடனே கண்டுபிடித்துச் சொல்ல முடியும்.

ரெகுலேட்டர் வாயிலிருந்து போய்விட்டால் மீட்பது அடுத்தது. வலது தோளைத் தாழ்த்திச் சாய்ந்து, வலது கையைத் தொடையை ஒட்டிப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் அடியைத் தொட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாக அகலமாக வீசி முன்னால் கொண்டுவந்தால் ரெகுலேட்டரின் குழாய், அதாவது ஹோஸ், கையில் சிக்கும். சிக்காவிட்டால் வலது தோளுக்கு மேல் கையைப் போட்டு, ஹோஸ் சிலிண்டரில் சேரும் இடத்தைப் பிடித்து அதன் வழியே தடவி வர வேண்டும். வாயில் ரெகுலேட்டர் இல்லாத அத்தனை நேரமும் சின்னக் குமிழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். வாயில் வைத்ததும் ஊதித் தண்ணீரைத் தள்ளுங்கள். ஊத மூச்சு மிச்சமில்லை என்றால் நாக்கால் துளையை அடைத்துக்கொண்டு, ரெகுலேட்டரில் காற்றைப் பீறிடவைக்கும் பர்ஜ் பட்டனை அழுத்துங்கள், முதல் மூச்சைச் சின்னதாக இழுங்கள். குளத்தில் நாம் கையால் கழற்றி முன்னால் விடுவதால் அது முன்னாலேயே தொங்கும். கடலில் பக்கத்தில் நீந்துபவர் காலில் மாட்டிய ஃபின் தட்டிப் போகும்போது பின்னால்தான் போய் நிற்கும். ஆகவே நண்பர் அதை உங்கள் முதுகுப் பக்கம் தள்ளிவிடட்டும். தேடும் நேரத்தில் ஆக்டோபஸ், அதாவது அதே சிலிண்டரில் உள்ள உபரி ரெகுலேட்டர், பக்கத்தில் இருந்தால் அதை எடுத்து வாயில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பதும் இந்தப் பயிற்சியில் தானாகப் புரியும்.

ரெகுலேட்டர் நிற்காமல் பீறிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பர்ஜ் பட்டனை நீங்களே அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடாமல், மிஞ்சிய காற்று வாயோரமாகப் போகும்படி விட்டு, தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் செய்தால் போதும், சிலிண்டர் வேகமாகக் காலியாகும்.

நீங்கள் பயப்படும் விஷயத்துக்கு வருவோம், காற்று தீர்ந்துபோவது. பயம் நியாயமானதுதான். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று 947 ஸ்கூபா மரணங்களை எடுத்துப் பார்த்தது. எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். அதாவது கருவி கைவிட்டதை விட, மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மீட்டரைப் பார்க்காமல் விட்டதுதான் பெரிய காரணம்.

பகிர்ந்து சுவாசிப்பதைக் குளத்தில் நிறையப் பழகுங்கள், இது நீங்கள் இருவருமே செய்யக்கூடியது. கழுத்தைக் குறுக்கே வெட்டுவது போன்ற சைகை, நண்பர் ஆக்டோபஸைக் கொடுப்பது, நீங்கள் வாங்கி ஊதிச் சுவாசிப்பது, இருவரும் வலது கையால் ஒருவர் முன்கையை ஒருவர் பற்றிக்கொள்வது, கண்ணைப் பார்த்து மூச்சைச் சீராக்குவது. இதுவரை எல்லோரும் செய்வார்கள். அதற்கு மேல்தான் பயன். பற்றிய கையை விடாமல் குளத்தின் நீளத்துக்கு நீந்துங்கள். அடுத்த தடவை சைகை முன்னறிவிப்பு இல்லாமல் வரட்டும், நண்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதற்கடுத்து, வாங்குபவர் மாஸ்க் இல்லாமல் வாங்கட்டும். சிக்கல்கள் கடலில் ஜோடி ஜோடியாகத்தான் வரும். உங்கள் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கும் முன் அதில் காற்று வந்துகொண்டுதான் இருக்க வேண்டும், வால்வ் முழுசாகத் திறந்தே இருக்க வேண்டும். பாவனை சைகையில் மட்டும் போதும்.

எந்த ரெகுலேட்டரைக் கொடுப்பது என்பதில் டைவர்களுக்குள் இரண்டு கட்சி. மார்பில் மாட்டிய ஆக்டோபஸைக் கொடு என்பது ஒன்று, வாயில் இருப்பதை நீளமான ஹோஸோடு கொடுத்துவிட்டு நீ மாற்று ரெகுலேட்டருக்குப் போ என்பது இன்னொன்று. பதறியவர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற, குமிழி விடுகிற ரெகுலேட்டரைத்தான் பறிக்க வருவார் என்பது இரண்டாம் கட்சியின் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. வாடகைக் கருவிகளில் ஹோஸ் நீளம் அதற்குத் தோதாக இருக்காது என்பதால் உங்களுக்கு முதல் முறையே சரி. ஆனால் பறிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் பழகுங்கள்: பிடுங்கட்டும், சண்டை போடாமல் ஆக்டோபஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ரெகுலேட்டரை மாறி மாறிச் சுவாசிக்கும் பழைய முறையில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சிலிண்டரில் 50 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) மிச்சம் வைத்து மேலே வா என்று சொல்லித்தந்திருப்பார்கள். அது ஏன் என்பதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். நம்மூரில் கிடைக்கும் அலுமினியம் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர், 50 பார் என்றால் 550 லிட்டர் காற்று. 18 மீட்டரில் அழுத்தம் 2.8. பதற்றத்தில் இருவரும் ஆளுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், சேர்ந்து அந்த ஆழத்தில் நிமிடத்துக்கு 224 லிட்டர். சைகை காட்டி, ஆக்டோபஸைக் கண்டுபிடித்து, நிதானப்பட ஒரு நிமிடம். பிறகு நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற இரண்டு நிமிடம், சராசரி அழுத்தம் 1.9, அதற்கு 304 லிட்டர். மொத்தம் 528. இத்தனைக்கும் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 50 பார் என்பது தாராளம் இல்லை, இழுத்துப் பிடித்தால் இருவருக்குப் போதும், அவ்வளவுதான். குளத்தில் இதற்கொரு பயிற்சி உண்டு. நண்பர் எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு என்று சைகையில் கேட்கலாம். மீட்டரைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும், பிறகு பார்த்துச் சரிபார்க்க வேண்டும். 10 பாருக்குள் சொல்ல வரும் வரை விளையாடுங்கள்.

நண்பர் பக்கத்தில் இல்லாமல் காற்றும் தீர்ந்தால், மூச்சை விட்டுக்கொண்டே தானாக நீந்தி மேலே ஏறுவதுதான் மிச்ச வழி. இதைக் குளத்தில் படுக்கைவாட்டில் மட்டும் பழகலாம். ரெகுலேட்டர் வாயில் இருக்க, ஒரு கையை முன்னால் நீட்டி, 'ஆ' என்ற சத்தத்தோடு ஒரே மூச்சை விட்டுக்கொண்டு 9 மீட்டர் நீந்துங்கள், ஆழம் மாறாமல். முதலில் பாதி வழியிலேயே மூச்சு தீர்ந்துவிடும், ஏனென்றால் எல்லோரும் ஆரம்பத்தில் கொட்டிவிடுகிறோம். உண்மையில் மேலே ஏறும்போது காற்று விரிந்துகொண்டே வருவதால் இவ்வளவு சிரமம் இருக்காது. வெறுமையாகத் தோன்றிய சிலிண்டரும் அழுத்தம் குறையக் குறைய ஒன்றிரண்டு மூச்சு கொடுக்கும், அதனால்தான் ரெகுலேட்டரைத் துப்பக் கூடாது. இதைச் செங்குத்தாகக் கடலில் பழக்குவது தேவையா என்பதில் பயிற்சி அமைப்புகளுக்குள்ளேயே பல காலமாக விவாதம் உண்டு, பயிற்சியிலேயே அடிபட்டவர்கள் இருப்பதால். பேடி என்ற பயிற்சி அமைப்பின் முறையில் 6 முதல் 9 மீட்டரிலிருந்து, கயிற்றைப் பிடித்தபடி, பயிற்றுநரின் கைப்பிடியில் ஒரு முறை செய்ய வைப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள், தனியாகத் திரும்பச் செய்ய வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் தொடாமல் விடுவது மேல்மட்டப் பயிற்சிகளை. என்னைக் கேட்டால் உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள். காற்று தீர்ந்து மேலே வந்தவரின் ஜாக்கெட்டில் பட்டனை அழுத்தினால் என்ன ஏறும்? ஒன்றுமில்லை. தலை வெளியே வந்ததும் பிழைத்துவிட்டோம் என்று நினைத்து ரெகுலேட்டரைத் துப்பி, கையைக் காலை அடித்து, அலையில் வாய் நிறையத் தண்ணீர் குடித்து, மறுபடி மூழ்குகிறார். ஒன்பதடிப் பக்கத்தில், ஓரத்துக்குக் கை எட்டும் தூரத்தில் இதைப் பழகுங்கள். ஜாக்கெட்டைக் காலி செய்துகொண்டு, ஃபின்ஸால் உதைத்து மேலே நின்று, ஒரு மூச்சு இழுத்து, ஜாக்கெட்டுக்குக் காற்று ஏற்றும் குழாயான இன்ஃப்ளேட்டரின் வாய்க்குள் பட்டனை அழுத்தி ஊத வேண்டும், பட்டனை விட்ட பிறகே அடுத்த மூச்சு. ஊதும்போது உடம்பு தாழும், முகம் தண்ணீரில் முங்கும், பரவாயில்லை. நாலைந்து ஊதலில் ஜாக்கெட் தாங்க ஆரம்பிக்கும். அதற்கும் பொறுக்க முடியாத நிலைமைக்கு, மூழ்குவதற்காகக் கட்டியிருக்கும் எடையைக் கழற்றுவது. வெயிட் பெல்ட்டாக இருந்தால் வலது கையால் பக்கிளைத் திறந்து, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து விட வேண்டும், காலில் விழக் கூடாது. இறந்துபோன டைவர்களை மீட்கும்போது எடை கழற்றப்படாமலே இருப்பது அடிக்கடி காணப்படும் விஷயம். குளத்தின் டைல்ஸ் உடையும் என்பதால் அடியில் தடித்த ரப்பர் பாயைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அசோசியேஷன்காரர்கள் அடுத்த தடவை உள்ளே விட மாட்டார்கள்.

ஜாக்கெட்டில் காற்று தானாக ஏறினால் உதவும் பயிற்சி, இன்ஃப்ளேட்டர் ஹோஸைக் கழற்றி மாட்டுவது, இதுவும் தனியாகச் செய்யக்கூடியதுதான். இணைப்பின் வளையத்தைப் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். கண்ணால் பார்க்காமல் தடவியே கழற்ற வர வேண்டும். இடது கையால் காற்றை வெளியே விட்டுக்கொண்டே வலது கையால் கழற்றுவதுதான் உண்மையான வேலை.

இவையெல்லாம் முட்டி போட்டுச் செய்ய வந்த பிறகு, முட்டி போடாமல் செய்யுங்கள். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கடலடியில் பவளத்தின் மேல் யாரும் மண்டியிட்டு மாஸ்க் சரிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. மிதந்துகொண்டே மாஸ்க்கைக் காலி செய்யப் பாருங்கள்: முதலில் பெரிதாக மூச்சு இழுத்தவுடன் உடம்பு மேலே கிளம்பும். ஆழம் குறைந்த தண்ணீரில் சமநிலையில் மிதப்பதுதான் கடினம். ஒன்பதடியில் ஒரு அடிக்கு மேல் ஏறாமல் இறங்காமல் நிற்க முடிந்தால் 15 மீட்டரில் சுகமாக இருக்கும். ஆனால் குளத்தில் சரியாக இருந்த எடையைக் கடலில் அப்படியே வைக்காதீர்கள். கடல் நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. கருவியோடு சேர்த்து 90 கிலோ இருப்பவருக்கு இரண்டு, இரண்டரை கிலோ கூடுதலாகத் தேவைப்படும்.

கருவியைப் பற்றி. பழைய ரெகுலேட்டரைச் சர்வீஸ் செய்யாமல் குளத்தில்கூட வாயில் வைக்காதீர்கள். உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருக்கும், உப்பு படிந்திருக்கும். சிலிண்டரில், அது அழுத்தம் தாங்குமா என்று பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டின் தேதி பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும் முன் மீட்டரைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு ஆழமாக இழுங்கள். முள் ஒவ்வொரு இழுப்புக்கும் துள்ளிக் கீழே போய்த் திரும்பினால் வால்வ் சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மேலே அது தெரியாது, மூச்சு வரும். ஆழத்தில் காற்று அடர்த்தியானதும் இழுக்க இழுக்க வராது. வால்வை முழுசாகத் திறந்து கால் சுற்று திருப்பி வை என்று பழையவர்கள் சொல்வார்கள். நான் முழுசாகவே திறந்துவிடச் சொல்கிறேன், ஏனென்றால் தவறுதலாக மூடிய வால்வை யாராவது கால் சுற்று திறந்துவைத்தாலும் இதே குழப்பம்தான் வரும்.

சரி, எப்போது ஆரம்பிப்பது? நான்கு வருட இடைவெளி பெரிது. ஆறு மாதம், ஒரு வருடம் விட்டாலே ரிஃப்ரெஷர் என்ற நினைவூட்டல் பயிற்சி ஒன்று செய்துகொள்ளச் சொல்வார்கள். முதல் தடவை சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள டைவ் பள்ளியில் பயிற்றுநரோடு குளத்தில் இறங்குங்கள், நான் வேண்டாம் என்று சொன்னவற்றில் உங்களுக்குப் பயமுள்ளதை அவர் கையில் செய்து பாருங்கள். அதன் பிறகு மிச்ச வாரங்களில் நீங்கள் இருவரும் மேலே சொன்னவற்றைப் பழகலாம். குளக்கரையில் மூன்றாவது ஆள் ஒருவர், நீந்தத் தெரிந்தவர், போனைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சளி இருந்தால் இறங்க வேண்டாம். ஒன்பதடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது காதுக்குக் கடலை விடச் சிரமம், வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். முடிந்ததும் கருவிகளை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், குளோரின் ரப்பரையும் துணியையும் தின்னும்.

குளத்தால் கொடுக்க முடியாதவையும் உண்டு. நீரோட்டம், படகின் ஆட்டம், கலங்கிய தண்ணீரில் கை தூரத்தில் நண்பர் மறைவது, ஆழத்தில் புத்தி மந்தமாவது, இவற்றுக்குக் குளத்தில் ஒத்திகை இல்லை. நேத்ராணியில் முதல் டைவை 10, 12 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு வருடமாக இறங்கவில்லை என்பதை அங்குள்ளவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் டைவிலேயே, கீழே போனதும், ஒரு தடவை மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றிப் பாருங்கள்.

மகன் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நாலடிப் பக்கத்தில் சிலிண்டரிலிருந்து ரெண்டு மூச்சு இழுக்கட்டுமா என்று. கூடாது. அவன் தம் கட்டிக்கொண்டு குதித்து எழுந்தால் மேலே சொன்ன 1.2 மீட்டர் கணக்கு அவனுக்கும் பொருந்தும், அதை அவனிடம் வாயால் சொல்லிப் புரியவைத்துவிட முடியாது. 8 வயதிலிருந்தே பிள்ளைகளுக்குப் பயிற்றுநரோடு 2 மீட்டர் ஆழத்துக்குள் மூச்சு விட்டுப் பார்க்கும் நிகழ்ச்சிகள் டைவ் பள்ளிகளில் இருக்கின்றன, 10 வயதிலிருந்து ஜூனியர் ஓபன் வாட்டரே படிக்கலாம். நீங்கள் ரிஃப்ரெஷர் செய்யப் போகும் இடத்திலேயே அவனுக்கும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் அவனுக்கு மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் போதும்.